நம் வண்டி, நம் கை

அந்தமானில் ஹேவ்லாக் என்று ஒரு தீவு இருக்கிறது. 2018-இல் அதற்குச் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். சுற்றிலும் கடல். கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் உதிரிப் பாகமும் வராது. காற்றில் உப்பு இருக்கிறது. அதனால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

அங்கே காலையில் ஸ்கூட்டர் கிளம்பாவிட்டால் என்ன ஆகும்? அன்றைய பிழைப்பு போய்விடும்.

பயப்பட வேண்டாம். முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பிளக்கைப் பாருங்கள். பிளக்கில் வரும் தீப்பொறிதான் பெட்ரோலைப் பற்ற வைக்கிறது. கரி படிந்தால் பொறி சரியாக வராது.

இஞ்சின் ஆறட்டும். பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது. ஸ்பானரால் பிளக்கைக் கழற்றுங்கள். கம்பி பிரஷ்ஷால் கரியை மெதுவாகத் தேயுங்கள். துணியால் துடையுங்கள். முதலில் கையால் திருகுங்கள். பிறகு ஸ்பானரால் இறுக்குங்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் மரை கெட்டுவிடும்.

பிரேக் பழுது என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். அது உயிர் விஷயம்.

வண்டியோடு ஒரு சிறு புத்தகம் தருவார்கள். அதை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். படித்ததைச் செய்து பாருங்கள். நம் கை பட்டு வண்டி கிளம்பும்போது ஒரு மகிழ்ச்சி வரும். கூலி கொடுத்தால் அது கிடைக்காது.