பல்லி ஓடினால் 'டிங் டிங்'. திருடன் வந்தால் கப்சிப்! வீட்டுக்கு கேமரா வாங்கப் போகிறீர்களா?

சென்னை:-

வில்லிவாக்கத்தில் ஒரு வீடு. வாசலில் கேமரா. கேட்டில், "இங்கு கண்காணிப்பு கேமரா உள்ளது" என்று போர்டு வேறு. அப்படி இருந்தும் நள்ளிரவில் வந்த மர்ம ஆசாமி ஒருவன், போர்ட்டிகோவில் நின்ற மோட்டார் சைக்கிளின் பூட்டை உடைத்து, தள்ளிக்கொண்டு போயே போய்விட்டான்.

கேமரா தூங்கிவிட்டதா? அதுதான் இல்லை. "நடமாட்டம் தெரிகிறது" என்று வீட்டுக்காரரின் செல்போனுக்கு உடனே சேதி அனுப்பி இருக்கிறது. வீட்டுக்காரர்தான் தூங்கிக்கொண்டு இருந்தார். செல்போன் சத்தம் போடவில்லை.

ஏன் சத்தம் போடவில்லை என்பதை அவரே சொன்னார்:-

"மாட்டின முதல் வாரம் ராத்திரி எழுந்து எழுந்து பார்த்தேன் சார். ஒரு தடவை பூனை. ஒரு தடவை தெருவுல போற ஆட்டோ வெளிச்சம். மழை பேஞ்சா விடிய விடிய டிங் டிங்னு அடிக்குது. 'அந்த சனியனை முதல்ல நிறுத்துங்க'ன்னு சம்சாரம் சத்தம் போட்டா. நிறுத்திட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு நிஜமாவே ஒருத்தன் வந்துட்டான்."

காலையில் அவர் செல்போனைப் பார்த்தபோது இரவு வந்த சேதிகள் வரிசையாக நின்றன. பூச்சி, பூனை, வெளிச்சம், பூச்சி, பூனை... நடுவில் ஒன்றே ஒன்றுதான் திருடன்!

ஏ.கே.விஸ்வநாதன் சென்னை போலீஸ் கமிஷனராக இருந்தபோது (2017 - 2020) "மூன்றாவது கண்" என்று நகரம் முழுக்க கேமரா வைக்கச் சொல்லிப் பெரிய பிரசாரம் நடந்தது நினைவிருக்கும். தெருவுக்குத் தெரு கேமரா வந்தது. ஆனால் தெருமுனை கேமரா வேறு, வீட்டு கேமரா வேறு. தெரு கேமரா நடந்து முடிந்ததைப் பிறகு போட்டுப் பார்க்க உதவும். வீட்டு கேமராவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. திருடன் கேட்டில் கை வைக்கும்போதே நம்மை எழுப்பிவிட வேண்டும். அந்த வேலையில்தான் பல கேமராக்கள் கோட்டை விடுகின்றன.

கடையில் கேட்கும் முதல் கேள்வி

கேமரா வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "எவ்வளவு குறைப்பீங்க?"

அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ரிச்சி தெருவில், ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு நின்ற ஒரு மெக்கானிக் இதைச் சொல்லிச் சிரித்தார். "தம்பி, படம் பளிச்சுனு தெரியுதான்னு எல்லாரும் பார்ப்பாங்க. அசைவை எதை வச்சுக் கண்டுபிடிக்குதுன்னு ஒருத்தரும் கேட்கிறது இல்ல. அதுலதான் விஷயமே இருக்கு" என்றார்.

அவர் விளக்கியதில் இருந்து தெரிந்தது, அசைவைப் பிடிக்க மூன்று வழிகள் உண்டு என்பது.

முதல் வழி மலிவானது. முன் படத்தையும் பின் படத்தையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் இருந்தால் மணி அடிக்கும். அதற்கு ஆளும் தெரியாது, ஆடும் தெரியாது. தென்னங்கீற்று ஆடினாலும், கொடியில் சேலை பறந்தாலும், எதிர் வீட்டில் லைட் போட்டாலும் புள்ளி மாறும், மணி அடிக்கும்.

இரண்டாவது, சூடு பார்க்கும் சென்சார். "பி.ஐ.ஆர்." என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். பேட்டரியில் ஓடும் கேமராக்களில் பெரும்பாலும் இதுதான். உடம்புச் சூடு குறுக்கே நகர்வதை இது பிடிக்கும். கீற்று ஆடினால் சட்டை செய்யாது. அதுவரை நல்லதுதான். ஆனால் இதற்குச் சில பலவீனங்கள் உண்டு. குறுக்கே நடந்தால் 'டக்' என்று பிடிக்கிற சென்சார், நேராக அதை நோக்கி வருகிறவனைத் தாமதமாகத்தான் பிடிக்கும். ஜன்னல் கண்ணாடிக்குள் வைத்தால் வேலைக்கே ஆகாது. சித்திரை வெயிலில் சுவரும் தரையும் கொதித்து, உடம்புச் சூட்டின் அளவுக்கு வந்துவிட்டால், ஆள் எது, சுவர் எது என்று அது திணறும். சென்னைக்கு இது சின்ன விஷயம் அல்ல!

இன்னொன்று. பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக இந்த கேமராக்கள் தூங்கிக்கொண்டே இருக்கும். சென்சார் தட்டி எழுப்பிய பிறகுதான் படம் பிடிக்கும். ஓரிரு விநாடி பிந்தினால் போதும். ஆசாமியின் முதுகுதான் பதிவாகும். முதுகை வைத்துக்கொண்டு போலீசார் யாரைத் தேடுவார்கள்?

மூன்றாவது, ஆளை அடையாளம் கண்டு சொல்லும் கேமரா. இது மனிதன், இது நாய், இது கார் என்று கம்ப்யூட்டர் மூளை பிரித்துப் பார்க்கிறது. "மனிதன் வந்தால் மட்டும் மணி அடி" என்று சொல்லி வைக்கலாம். இன்றைக்கு வீட்டுக்கு வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. இதுவும் தெய்வம் இல்லை. கொடியில் காயும் சட்டையை 'ஆள்' என்று சொல்லிவிடும். போர்வை போர்த்திக் குனிந்து வருகிறவனை விட்டுவிடுவதும் உண்டு. ஆனாலும் இரவுக்கு ஐம்பது தடவை எழுப்பாது.

ஒரு எச்சரிக்கை: சில கேமராக்களில் ஆளைப் பிரித்துச் சொல்லும் வசதி கொஞ்ச நாளைக்குத்தான் இலவசம். பிறகு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பழையபடி பூனைக்கும் மணிதான். இந்த வசதி கேமராவுக்குள்ளேயே இருக்கிறதா, சந்தா கட்டினால்தான் வேலை செய்யுமா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

சிலந்தியின் கைவரிசை

இரவில் பொய் மணிக்குப் பெரிய காரணம் யார் தெரியுமா? சிலந்தி!

இருட்டில் படம் பிடிக்க கேமராவைச் சுற்றிக் குட்டிக் குட்டி 'இன்பிரா ரெட்' விளக்குகள் எரிகின்றன. நம் கண்ணுக்கு அந்த வெளிச்சம் தெரியாது; சிலவற்றில் லேசான சிவப்பு மட்டும் தெரியும். பக்கத்தில் பல்பு எரிந்தால் பூச்சி வரும். பூச்சி வந்தால் அதைப் பிடிக்கச் சிலந்தி வரும். லென்சுக்கு முன்னால் வலை பின்னிவிடும். அந்த வெளிச்சம் பட்டு ஒரு நூல் பளபளத்தால், படத்தில் அது வெள்ளைக் கயிறு போலப் பெரிதாகத் தெரியும். காற்றில் நூல் ஆட ஆட, மணி அடிக்க அடிக்க, வீட்டுக்காரருக்குத் தூக்கம் போச்சு.

வாசல் பல்புக்கு ஒட்டி கேமரா மாட்டாமல், சற்றுத் தள்ளி மாட்டினால் பூச்சி குறையும். வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியால் மெதுவாகத் தட்டிவிட்டால் போதும். இதற்கு மெக்கானிக் வேண்டாம்.

உயரமும் முக்கியம். மொட்டை மாடிக்குப் பக்கத்தில் மாட்டினால் தொப்பியும் வழுக்கைத் தலையும்தான் தெரியும். கை எட்டாத அளவுக்கு 8 அடி, 9 அடி உயரத்தில் மாட்டி, தரையைப் பார்த்துச் சற்றுச் சாய்த்து வைத்தால் முகம் கிடைக்கும். தெரு தெரியாமல், கேட்டும் படியும் மட்டும் தெரிகிற மாதிரி திருப்புங்கள். தெருவும் படத்தில் விழத்தான் செய்யும் என்றால், செல்போன் திரையில் கட்டம் போட்டு, "இந்த இடத்தில் மட்டும் அசைவைப் பார்" என்று சொல்லி வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கட்டம் இல்லாத கேமரா, தெருவோடு வீடு இருக்கிறவர்களுக்கு உதவாது.

நேரமும் குறித்து வைக்கலாம். விடியற்காலையில் பால்காரர், பேப்பர் பையன், கோலம் போட வரும் அம்மா என்று எல்லோருக்கும் மணி அடித்தால், பழையபடி சத்தத்தை நிறுத்தத்தான் தோன்றும். ராத்திரி 11 முதல் 4 வரை மட்டும் சத்தம் போடச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது நாள் முழுவதும் போட்டுவிடுங்கள்.

நீங்களே திருடனாக நடியுங்கள்!

மாட்டிக் கொடுத்த ஆள் பகலில் கையை ஆட்டிக் காட்டி, "பாருங்க சார், வேலை செய்யுது" என்று பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதை நம்பக் கூடாது.

இரவு ஊர் அடங்கிய பிறகு வாசல் விளக்கை அணையுங்கள். வீட்டில் ஒருவர் உள்ளே செல்போனோடு உட்காரட்டும். நீங்கள் கேட்டில் இருந்து வாருங்கள். முதலில் சுவர் ஓரமாகக் குறுக்கே. பிறகு நேராக. பிறகு குனிந்து, தலையில் துண்டு போட்டுக்கொண்டு. (பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அடி விழும்.) எத்தனை விநாடியில் மணி அடிக்கிறது, படத்தில் முகம் விழுகிறதா, முதுகு விழுகிறதா என்று பாருங்கள். கதவுக்கு வந்து சேர்ந்த பிறகு மணி அடித்தால் பிரயோஜனம் இல்லை. கேமராவை இடம் மாற்றுங்கள், அல்லது மாற்றித் தரச் சொல்லிக் கடைக்குக் கொண்டு போங்கள்.

பல வீடுகளில் மீட்டர் பாக்ஸ் வெளியே, படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. திருடன் மெயினை இறக்கிவிட்டால் கேமராவும் அவுட், வை-பை பெட்டியும் அவுட். இரண்டையும் இன்வெர்ட்டரில் கொடுத்தால்தான் மணி அடிக்கும்.

பாஸ்வேர்டும் அப்படித்தான். கம்பெனி போட்டுக் கொடுத்ததை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். சோதனையில் தேறிய சி.சி.டி.வி. கேமராக்களைத்தான் விற்க வேண்டும் என்ற மத்திய அரசின் பாதுகாப்பு விதி 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்திருக்கிறது. பெயர் தெரியாத பெட்டியைக் கடைக்காரர் நீட்டினால், அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

கார்டைக் கழற்றுங்கள்

போலீஸ் நிலையத்தில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் அலுத்துக்கொண்டார். "திருட்டு நடந்து நாலு நாள் கழிச்சு வர்றாங்க. படம் எங்கேன்னா அழிஞ்சு போச்சுங்கறாங்க" என்றார்.

காரணம் இதுதான். நிறுத்தாமல் பதிவு செய்யும் கேமராவில், விநாடிக்கு 2 மெகாபிட் கணக்கில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21 ஜி.பி. ஓடும். 64 ஜி.பி. கார்டு மூன்றே நாளில் நிரம்பிவிடும். பிறகு பழையதை அழித்துவிட்டு, அதன் மேலேயே புதியது பதிவாகும். திருட்டு நடந்தது தெரிந்தவுடன் கேமராவை நிறுத்தி, கார்டைக் கழற்றி ஒரு கவரில் போட்டுத் தனியே வையுங்கள். வேறு கார்டு போட்டு கேமராவை ஓடவிடுங்கள்.

செல்போனில் வந்த துண்டுப் படத்தை மட்டும் வாட்ஸ்-அப்பில் அனுப்பிவிட்டு, கார்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, இந்த மாதிரி பதிவுகளைக் கோர்ட்டில் காட்ட சர்டிபிகேட் வேண்டும். எந்த கேமரா, எந்த கார்டு என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டி இருக்கும். கேமரா வாங்கிய பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.