இந்தப் பறவை எங்கிருந்து வந்தது?

செலாயாங் பக்கத்து அடுக்குமாடிகளை ஒட்டி விடியற்காலையில் நடந்தால், எங்கோ ஒரு மாடிக் கூண்டிலிருந்து பாட்டு இறங்கி வரும். கரிய உடல், செம்பழுப்பு வயிறு, நீண்ட வால். மலாய்க்காரர்கள் முராய் பாத்து என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழும் இந்தப் பறவைக்குத் தமிழில் சோலைபாடி என்று பெயர். பாட்டுப் போட்டிக்காக இதை ஆசையாக வளர்க்கிறவர்கள் நிறைய. ஆனால் கூண்டோடு சேர்த்து ஓர் உரிமமும் அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

தீபகற்ப மலேசியாவில் அந்த உரிமத்தைத் தருவது பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்கு, தேசியப் பூங்கா பாதுகாப்புத் துறை. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள். இங்கே நடப்பில் இருப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அது விலங்குகளை இரண்டு பட்டியல்களாகப் பிரிக்கிறது. முதல் பட்டியலில் உள்ளவை பாதுகாக்கப்பட்டவை. வைத்திருக்க உரிமம் வேண்டும். இரண்டாம் பட்டியலில் உள்ளவை முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை; அவற்றுக்கு அமைச்சர் வழங்கும் சிறப்பு அனுமதி வேண்டும். புலி, எறும்புதின்னி, தேவாங்கு எல்லாம் இதில் அடங்கும்.

செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்குள்தான் பத்துமலை இருக்கிறது. படியேறும்போது வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடும் நீண்டவால் குரங்கு முதல் பட்டியலைச் சேர்ந்தது. குட்டி அழகாக இருக்கிறது என்று உரிமமில்லாமல் வீட்டுக்குத் தூக்கி வந்தால் அது குற்றம்.

உரிம அதிகாரியின் வேலை பாரத்தில் முத்திரை குத்துவதோடு முடிகிற வேலை என்று நினைத்துவிடக் கூடாது. அவர் விடை தேடும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த உயிர் எங்கிருந்து வந்தது? காட்டில் வலைபோட்டுப் பிடித்ததா, வளர்ப்பிடத்தில் பிறந்ததா? விற்றவரிடம் உரிமம் இருந்ததா? கூண்டில் இருக்கும் பறவைதான் காகிதத்தில் இருக்கும் பறவையா? விலங்கு வாய் திறந்து சொல்லாது. அதன் உடம்பைத்தான் படிக்க வேண்டும்.

பறவைக்கு வளையம். வளர்ப்பில் பிறந்ததற்குச் சான்றாக உலகெங்கும் பயன்படுவது மூட்டு இல்லாத முழு வளையம். குஞ்சு பொரித்த சில நாட்களுக்குள், பாதம் இன்னும் சிறிதாக இருக்கும்போதே, விரல்களைச் சேர்த்துப் பிடித்து அதைக் காலில் நுழைத்துவிடுவார்கள். பாதம் வளர்ந்தபின் வளையம் கழலாது. வளர்ந்த பறவைக்குச் சரியான அளவு வளையத்தை மாட்டவும் முடியாது. ஆகவே, அந்த வளையம் காலில் இருந்தாலே பறவை குஞ்சாக இருந்தபோது ஒரு மனிதரின் கையில் இருந்தது என்று பொருள். மோசடிக்காரர்கள் பெரிய வளையத்தை வளர்ந்த பறவைக்கு மாட்டிப் பார்ப்பார்கள். பழகிய கண்ணுக்கு வளையம் தொளதொளவென்று ஆடுவது தெரிந்துவிடும்.

ஆமைக்கும் பாம்புக்கும் மைக்ரோசிப். அரிசி மணி அளவுதான் இருக்கும். ஊசியால் தோலுக்கடியில் செலுத்துவார்கள். அதில் பேட்டரி கிடையாது. படிப்பானை அருகில் கொண்டுபோனால் அதன் அலையிலிருந்தே சக்தி பெற்று 15 இலக்க எண்ணைச் சொல்லும். அந்த எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

இவ்வளவு பார்த்தாலும் ஏமாற்ற வழி உண்டு. இந்தோனேசியாவிலிருந்து 'வளர்ப்பில் பிறந்தவை' என்ற பெயரில் ஏற்றுமதியான பச்சை மர மலைப்பாம்புகளை ஆராய்ந்து 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் குறைந்தது 80 விழுக்காடு காட்டில் பிடிக்கப்பட்டவை என்று அது சொன்னது. திருடிய நகையை உருக்கிப் புது நகையாக்குவது போல, காட்டு விலங்கைக் காகிதத்தால் வளர்ப்பு விலங்காக்குகிறார்கள். என்னைக் கேட்டால், வேட்டைக்காரனின் கண்ணியைவிட ஆபத்தானது இந்தக் காகிதம்தான். கண்ணியைக் காட்டில் கண்டெடுக்கலாம். காகிதம் அலுவலகக் கோப்புக்குள் பத்திரமாக இருக்கும்.

2010 ஆகஸ்டில் நடந்ததைப் பலரும் மறந்திருப்பார்கள். கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டி உடைந்தது. உள்ளே 95 போவா பாம்புகள். பெட்டிக்குச் சொந்தக்காரரான பினாங்கு வணிகர் ஆன்சன் வோங், உரிமம் பெற்று விலங்கு வணிகம் செய்துவந்தவர். அதற்கு முன்பே அமெரிக்காவில் விலங்குக் கடத்தலுக்காகச் சிறை சென்றவர். முதலில் ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் அதை ஐந்து ஆண்டாக்கியது. 2012இல் மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு அவர் வெளியே வந்தார். சட்டம் அதன்பின் கடுமையானது. 2022ஆம் ஆண்டுத் திருத்தப்படி அதிகபட்சத் தண்டனை 10 லட்சம் ரிங்கிட் அபராதம், 15 ஆண்டுச் சிறை. உரிமமின்றி இணையத்தில் விலங்கு விற்க விளம்பரம் செய்வதும் இப்போது குற்றம்.

எல்லை கடக்கும் விலங்குக்கு இன்னொரு காவல் உண்டு. 'சைட்டிஸ்' உடன்படிக்கை 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தானது. ஏற்றுமதி அனுமதி தருமுன் மூன்றைப் பார்க்கச் சொல்கிறது அது: சட்டப்படி கிடைத்த விலங்கா, எடுப்பதால் காட்டில் அந்த இனம் குன்றாதா, பயணத்தில் துன்பப்படாதா. மலேசியாவும் சிங்கப்பூரும் கேட்டுக்கொண்டதால் 2022இல் சோலைபாடி இதன் இரண்டாம் இணைப்பில் சேர்ந்தது. சென்னையிலிருந்து பயணப்பெட்டிகளில் காலுறைக்குள் சுருட்டிக் கடத்தப்படும் நம் நட்சத்திர ஆமை 2019இல் முதல் இணைப்புக்கு உயர்த்தப்பட்டது. அதற்குப் பின் காட்டு ஆமையைப் பன்னாட்டு வணிகம் செய்ய வழியே இல்லை.

இத்தனை கெடுபிடிக்கு நடுவே சட்டம் ஒரு நியாயமும் செய்திருக்கிறது. பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் தங்கள் உணவுக்காகக் காட்டுப்பன்றி, சருகுமான் போன்ற குறிப்பிட்ட சில விலங்குகளை வேட்டையாடலாம்; விற்கக் கூடாது. காட்டோடு வாழ்கிறவருக்கும் காட்டை விற்கிறவருக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் புரிந்துகொண்ட இடம் இது.

அதிகாரி எத்தனை கூண்டுகளைத்தான் பார்ப்பார்? வாங்குகிறவர் கேட்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும். அடுத்த முறை ஒரு சோலைபாடியின் பாட்டில் மயங்கிக் கடையில் நின்றுவிட்டால், விலை பேசுமுன் விற்பவரின் உரிமத்தைக் கேளுங்கள். பறவை எங்கே பிறந்தது என்பதற்கு ஆதாரம் கேளுங்கள். தயங்கினால், வாங்காமல் வந்துவிடுங்கள்.