வெட்கத்தை அளக்கும் கோல்

ஆணுறையைப் பற்றி வாலிபர்களின் மனோபாவத்தை அளப்பதற்கென்று, லாஸ் ஏஞ்சல்ஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் 25 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். நம்பகம், இன்பம், அபவாதம், துணையிடம் பேசக் கூச்சம், கடையில் வாங்கக் கூச்சம் என்பன அதன் ஐந்து பிரிவுகள். அதை அப்படியே தமிழாக்கி இங்கே உபயோகிக்கலாமா? கூடாதென்பதே நமது அபிப்பிராயம்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் செய்யும் வாலிபன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். மருந்துக் கடைக்காரர் அவன் தகப்பனாருக்கு அறிமுகமானவராயிருப்பார். 'வாங்க வெட்கமா?' என்ற கேள்வி பெருநகரத்தில் அவன் மனத்தை அளக்கும். இங்கோ ஊராரின் கண்ணையே அளக்கும். மணமாகாத பெண்ணைக் கேட்டாலோ, விடை வருமுன்பே வம்பு பிறந்துவிடும்.

இது வீண் விவாதமன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். 'நிரோத்' 1968-லேயே வந்துவிட்டது. எனினும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் ஆணுறையை நம்பியிருப்போர் நூற்றுக்கு 9.5, கருத்தடை அறுவை செய்துகொண்டோர் 37.9. கருத்தடை பெண்களின் காரியம், ஆண் கவலைப்பட வேண்டியதில்லை என்ற ஆண்கள் நூற்றுக்கு 35! பாரம் யார் தலையில் விழுகிறதென்று விளக்க வேண்டுமா?

ஆகவே, கேள்விகள் நம் வாலிபர்களின் பேச்சிலிருந்தே பிறக்கட்டும்; பெயர் கேளாமல், தனிமையில் கேட்கப்படட்டும். பிற நாட்டாருடன் ஒப்பிடுவது அதன் பிறகே பொருந்தும். தடை கடையிலிருந்தால், ஆளில்லாத இடத்தில் இலவசப் பெட்டி வைத்தால் தீரும். மனத்திலிருந்தால் கல்வியே மருந்து. எதுவென்று அறியாமல் செலவிடும் பணம் ஆற்றில் கரைத்த புளிதான்.