நாற்காலியில் அமர்ந்தபடி உடல் பிடித்துவிடுதல்

மதுரையை அடுத்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் தீர்மானப் புத்தகத்தைச் சென்ற ஆண்டு நாம் பார்வையிட்டபோது, பொதுநல நிதியிலிருந்து மின்சார மசாஜ் நாற்காலி ஒன்று வாங்கலாம் என்னும் தீர்மானம் கண்ணில் பட்டது. பொருட்காட்சி ஒன்றில் அத்தகைய நாற்காலியில் பத்து நிமிடம் அமர்ந்து எழுந்த நிர்வாகக் குழு அங்கத்தினர் ஒருவர் கொண்டுவந்தது அது. ஆய்வுக்கு வந்தவர் என்ற முறையில் செலவின் அவசியத்தை வினவினோம். அவர்கள் வாதம் செய்யவில்லை. உற்பத்திப் பேரேட்டைத் திறந்து காட்டினர். சங்கத்தின் கைதேர்ந்த நெசவாளர் சிலர் கொடுத்துவந்த சேலைகள் மாதத்திற்கு மாதம் குறைந்து வந்திருந்தன. காரணம், கழுத்திலும் தோளிலும் வலி. நெய்த அளவுக்கே கூலி கிடைக்கும் தொழிலில் தோள்வலி உலைப்பானை வரை சென்று எட்டும். ஆகவே இப்பொருளைச் சற்று ஆராய்ந்து எழுதத் துணிந்தோம்.

வலி எங்கிருந்து வருகிறது? குழித்தறியில் அமர்ந்தவர் கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகட்டைகளை மாறி மாறி மிதிக்கிறார். ஒரு கை நாடாக் கயிற்றை வெட்டி இழுக்கிறது. மறு கை ஊடையை அடித்துச் சேர்க்கிறது. பாவில் இழை அறுந்தாலோ, தலையைக் கவிழ்த்து, மார்பைத் தறியின்மேல் சாய்த்துப் பிணைக்க வேண்டும். கைகால்கள் ஓயாமல் அசைய, கழுத்தும் தோள்பட்டையும் நடுமுதுகும் அசையாமல் அவற்றைத் தாங்கி நிற்கின்றன. இவ்வாறு தாங்கி நிற்கும் தசை விரைவில் களைத்துவிடும்; ஏனெனில் இறுகிய தசைக்குள் இரத்தம் தாராளமாக ஓடுவதில்லை. சுங்குடிச் சேலைக்கு முடிச்சிடும் பெண்களின் கழுத்துக்கும், விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறிப்போரின் இடுப்புக்கும், மேலூர்ப் பக்கம் நடவு நடுவோரின் முதுகுக்கும் கதை இதுவேதான்.

உட்கார்ந்தபடி, உடுத்த உடையோடு, எண்ணெய் இன்றிப் பத்து முதல் இருபது நிமிடம் கழுத்து, தோள், முதுகு, கை ஆகியவற்றைப் பிடித்துவிடும் முறை மேனாடுகளில் பரவியது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டேவிட் பால்மர் என்பவர் 1980-களின் முற்பகுதியில் அலுவலகங்களுக்கே சென்று ஊழியர்களுக்கு இதனைச் செய்யத் தொடங்கினார். முகத்தையும் மார்பையும் முன்பக்கம் சாய்த்துக்கொள்ளத் தக்க தனி நாற்காலி 1986-இல் விற்பனைக்கு வந்தது. அவர் கற்றிருந்தது ஜப்பானியர் நெடுங்காலமாகப் பயின்றுவரும் கலை. அதன் பெயரை ‘அம்மா’ என்றே உச்சரிக்கிறார்கள். நம் சொல்லுக்கும் அதற்கும் உறவில்லை எனினும், கேட்ட மாத்திரத்தில் நமக்கு வலி பாதி குறைந்துவிடுகிறது! அந்நாட்டில் கண்பார்வை இழந்தோர் பலருக்கு இக்கலை மதிப்புள்ள தொழிலாய் இருந்து வந்துள்ளது.

நமக்கும் இது புதிதன்று. சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை கூறுவர். முடிதிருத்தகத்தில் கிராப்பு வெட்டி முடிந்ததும் தலையையும் தோளையும் தட்டி விடுகிறார்களே, அதுவும் நாற்காலி மசாஜ்தான்.

செய்யும் விதம் எளிது. கைப்பிடியில்லாத சாதாரண நாற்காலி ஒன்றைத் திருப்பிப் போட்டு, சாய்மானத்தின்மேல் தலையணையை வைத்து, நெற்றியும் மார்பும் அதில் சாயும்படி அமரச் செய்க. இவ்வாறு அமர இயலாத பெண்கள் மேசைமேல் தலையணை வைத்துக் குனிந்து சாயலாம். பிடித்துவிடுபவர் பின்னால் நின்று, கை வலிமையால் அன்றி உடல் எடையைச் சாய்த்து, உள்ளங்கையாலும் பெருவிரலாலும் அழுத்த வேண்டும். முதுகெலும்பின் இருபுறமும் உள்ள சதையையே அழுத்த வேண்டும், எலும்பின்மேல் அழுத்தலாகாது. தோளின் மேற்சதையை விரல்களால் கொத்தாகப் பிடித்துச் சில நொடிகள் வைத்திருந்து விடுக. பின்னர் முழங்கை, முன்கை, உள்ளங்கை. நாடாக் கயிறு இழுக்கும் கையைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதற்கே அதிக நேரம் தேவை. "வலிக்கிறதா?" என்று இடையிடையே கேட்பது கட்டாயம். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும்படியான அழுத்தத்தினால் பயனில்லை.

பயன் எவ்வளவு? நேர்மையாகச் சொல்லுவோம். இடுப்பு வலிக்கு மசாஜ் செய்வது பற்றிய 25 ஆராய்ச்சிகளைக் காக்ரேன் என்னும் உலக மருத்துவ ஆய்வமைப்பு ஒன்றுசேர்த்து 2015-இல் வெளியிட்டது. ஒன்றும் செய்யாதிருப்பதைக் காட்டிலும் குறுகிய காலத்திற்கு வலி குறைகிறது. அந்தச் சான்றும் வலுவானதன்று என்பது அதன் முடிவு. இறுக்கம் தளர்கிறது, மனம் அமைதியுறுகிறது, அன்றிரவு உறக்கம் நன்றாய் வருகிறது. இவை பலரும் அனுபவத்தில் காண்பவை. கெட்ட நீர் வெளியேறும், இரத்தம் சுத்தமாகும் என்பன விளம்பரக்காரர் பேச்சு. தறியின் இருக்கைப் பலகை தாழ்வாகவும் விளக்கு மங்கலாகவும் இருக்கும்வரை, இன்று தளர்ந்த தசை நாளை மீண்டும் இறுகும். பலகையை உயர்த்துதலும், மணிக்கொருமுறை எழுந்து நாலடி நடத்தலும் செலவில்லாத காரியங்கள்.

இனி, எச்சரிக்கை. கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கத்தை அறவே விடுக. கழுத்தெலும்பினூடே மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்ச்சிகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். காய்ச்சல், எலும்பு முறிவு, எலும்புத் தேய்மானம், வீங்கிச் சிவந்த கெண்டைக்கால் உள்ளவருக்குப் பிடித்துவிடலாகாது. கை மரத்துப்போய் நாடாவை நழுவவிடுபவரும், இரவில் வலி மிகுபவரும் அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இடத்தோளிலும் மார்பிலும் வலி தோன்றி, வியர்வையும் மூச்சுத்திணறலும் கூடவே வருமாயின் அது தறி தந்த வலி என்று எண்ணாதீர்கள், நெஞ்சு நோயாயிருக்கலாம். தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

மேற்சொன்ன சங்கத்தின் தீர்மானம் என்னவாயிற்று என்று அன்பர்கள் கேட்கக்கூடும். மின்சார நாற்காலி வைத்த அளவில் அழுத்தும். யாருக்கு எங்கே வலி என்று அது கேளாது. பழுதானால் மூலையில் கிடக்கும். இதனை நிர்வாகக் குழுவிடம் எடுத்துரைத்தோம். அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை மாற்றி, இரண்டு மர நாற்காலிகளும் நான்கு தலையணைகளும் வாங்கினர். அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவு மருத்துவரை அழைத்து, ஆண்கள் இருவருக்கும் பெண்கள் இருவருக்கும் முறையைக் கற்பித்தனர். கூலி வழங்கும் சனிக்கிழமை மாலை ஆண்களுக்கும், ஞாயிறு காலை பெண்களுக்கும் என நேரம் ஒதுக்கியுள்ளனர். சென்ற மாதம் சென்றிருந்தபோது, முன்பு மின்சார நாற்காலிக்காக வாதாடிய அதே அங்கத்தினர் மர நாற்காலியில் கவிழ்ந்து அரை உறக்கத்தில் இருந்தார். பேரேட்டைக் கேட்டு அவரை எழுப்ப மனம் வரவில்லை. சற்று நேரம் திண்ணையில் காத்திருந்தோம்.