கடல் வழியே வாழை ஏற்றுமதி: குளிர்பதனக் கன்டெய்னருக்குள் காய்க்கு என்ன நடக்கிறது?

தேனி மாவட்டத்தில் ஜி-9 எனப்படும் கிராண்ட் நைன் வாழை சாகுபடி செய்யும் விவசாயிகள் பலரும் இப்போது தோட்டத்தில் ஏற்றுமதி வியாபாரிகளைச் சந்திக்கிறீர்கள். காய் வெட்டி, பெட்டியில் அடைத்து, தூத்துக்குடி அல்லது கொச்சி துறைமுகம் வழியே வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. இரண்டு, மூன்று வாரம் கழித்து "பழம் பழுத்து வந்துவிட்டது, விலை கிடைக்கவில்லை" என்று சொல்லிப் பணத்தில் பிடித்தம் செய்வதும் சில இடங்களில் நடக்கிறது. தவறு தோட்டத்திலா, வண்டியிலா, கப்பலிலா என்று கேட்கத் தெரிந்தால்தான் அந்தப் பிடித்தம் நியாயமா என்று உங்களால் பேச முடியும். அதற்குக் கன்டெய்னர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வியாபாரத்தில் 'ரீஃபர்' என்று சொல்லப்படும் இந்தப் பெட்டி 40 அடி நீளம் கொண்டது. சுவர் முழுக்க வெப்பம் கடத்தாத நுரைப்பொருள், ஒரு முனையில் குளிரூட்டும் இயந்திரம், மறுமுனையில் கதவு. 13 கிலோ பெட்டிகளாக அடுக்கினால் சுமார் 1,500 பெட்டிகள், அதாவது ஏறத்தாழ 20 டன் காய் பிடிக்கும். தூத்துக்குடியிலிருந்து உறைய வைத்த இறால் போவதும் இதே வகைப் பெட்டியில்தான். இறாலுக்கு மைனஸ் 18 டிகிரி, வாழைக்கு 13 முதல் 14 டிகிரி செல்சியஸ் என்று வைப்பார்கள்.

ஆனால் இறாலும் வாழையும் ஒன்றல்ல. உறைந்த இறால் பேசாமல் கிடக்கும். வெட்டிய வாழைக்காய்க்கு இன்னும் உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, சூட்டை வெளியேற்றுகிறது, கரியமில வாயுவை விடுகிறது. அதனால்தான் வாழை ஏற்றிய பெட்டியில் வெளிக்காற்று வர ஒரு சிறு திறப்பைத் திறந்து வைக்கிறார்கள். இறாலுக்கு அதை மூடிவிடுவார்கள். குளிர்ந்த காற்று தரையில் உள்ள காடிகள் வழியே போய், பெட்டிகளின் ஊடாக மேலே ஏறி, கூரையை ஒட்டித் திரும்பி வரும். உள்சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதற்கு மேல் ஒரு பெட்டி கூடுதலாகத் திணித்தாலும் காற்று திரும்பும் வழி அடைபடும். அட்டைப்பெட்டியில் உள்ள ஓட்டைகள் மேலும் கீழும் நேருக்கு நேர் வராவிட்டாலும் இதே கதைதான். நடுவில் உள்ள காய் வெந்துபோகும்.

இன்னொன்று, இந்த இயந்திரம் குளிர்ந்த காயைக் குளிர்ந்தபடியே வைத்திருக்கச் செய்யப்பட்டது. தோட்டத்தில் 30 டிகிரிக்கு மேல் இருக்கும் காயை அப்படியே ஏற்றினால் அது குளிர்வதற்குள் நாட்கள் ஓடிவிடும். தென் அமெரிக்க நாடுகளில் சூடாகவே ஏற்றுவதும் உண்டு. அங்கே வெட்டிய சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும், அடுக்கும் முறையும் கணக்காக இருக்கும். நம் ஊரில் காலையில் வெட்டிய தார் மாலை வரை வண்டிக்காகக் காத்துக் கிடக்கும் நிலையில், முன்குளிரூட்டும் அறை இல்லாத வியாபாரிக்குக் கப்பல் சரக்கு கொடுக்க யோசியுங்கள் என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் 13 டிகிரிக்குக் கீழே இன்னும் குளிர வைத்தால் கூடுதல் நாள் தாங்காதா என்று பயிற்சிகளில் கேட்பார்கள். வீட்டு பிரிட்ஜில் வாழைப்பழம் வைத்துப் பார்த்திருப்பீர்கள், தோல் கறுத்துவிடும். வாழை வெப்பமண்டலப் பயிர், அந்தக் குளிரை அதன் தோல் தாங்காது. பச்சைக்காயில் வெளியே ஒன்றும் தெரியாது. தோலை மெல்லச் சீவினால் உள்ளே பழுப்பு நிறக் கோடுகள் ஓடியிருக்கும். அப்படிப்பட்ட காய் பழுக்கும்போது பளிச்சென்ற மஞ்சள் வராமல் புகை படிந்ததுபோல மங்கிவிடும். இது குளிர்பதனத்தில் நடந்த கோளாறு; தோட்டக்காரர் தலையில் கட்ட முடியாது.

பழுத்து வருவது வேறு விஷயம். அதற்குக் காரணம் எத்திலீன் வாயு. மூட்டம் போட்டு வாழைத்தார் பழுக்க வைக்கிறோமே, புகையில் இருக்கும் எத்திலீனும் அதைப் போன்ற வாயுக்களும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. பழுக்கத் தொடங்கிய காய் தானே எத்திலீனை விடும். மூடிய பெட்டிக்குள் முதிர்ந்த நாலு சீப்பு இருந்தால் போதும், பக்கத்துப் பெட்டிகளையும் கிளப்பிவிடும். இங்கேதான் உங்கள் பங்கு வருகிறது.

வெட்டும் முதிர்ச்சியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வது உள்ளூர்ச் சந்தைக்குச் சரி. கப்பலுக்குப் போகும் காய்க்கு வயதுக் கணக்கு வேண்டும். குலை தள்ளும் வாரத்துக்கு ஒரு நிறமாக, உறை போடும்போதே தாரில் நாடா கட்டிவிடுங்கள். இந்த வாரம் சிவப்பு, அடுத்த வாரம் நீலம் என்று வைத்துக்கொண்டால், வெட்டும் ஆட்கள் நாடாவைப் பார்த்தே ஒரே வயதுத் தார்களை எடுக்கலாம். ஜி-9 ரகத்தில் பொதுவாக 11, 12 வாரத்தில் முக்கால் முதிர்ச்சி வரும். குளிர்காலத்தில் சற்றுத் தள்ளும். அதன் பிறகு காயின் பருமனைக் காலிப்பரால் அளந்து உறுதி செய்யலாம். நாடாவுக்கு ஆகும் செலவு அற்பம். ஆனாலும் பத்தில் எட்டுப் பேர் கட்டுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

பயணம் நீள நீள இளங்காயாக வெட்ட வேண்டும். 2023 இறுதியில் மகாராஷ்டிரத்தின் பாராமதியிலிருந்து சோதனை முறையில் ஒரு கன்டெய்னர் வாழை கடல் வழியே நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்துக்குப் போனது. ஐரோப்பா என்றால் வாரக்கணக்கில் பயணம். அதே காலத்தில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதால், ஐரோப்பா செல்லும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக நேர்ந்தது. பத்து நாளுக்குக் குறையாமல் கூடியது. இப்படி இளசாக வெட்டினால் தாரின் எடை குறையும். உங்களுக்குப் பணம் கிலோ கணக்கில்தான் வருகிறது. எனவே முதிர்ச்சியைக் குறைத்து வெட்டச் சொல்லும் வியாபாரியிடம் விலையை அதற்கேற்பக் கேட்பது உங்கள் உரிமை.

வெட்டிய தாரைத் தரையில் வைக்காதீர்கள், வெயிலில் விடாதீர்கள். மெத்தை விரித்துத் தோளில் சுமந்து வர வேண்டும். சீப்பு பிரித்ததும் பால் வடிய விட்டு, படிகாரம் கலந்த நீரில் கழுவுவார்கள். காம்பு வெட்டிய இடத்தில் அழுகல் வராமல் இருக்க மருந்தும் இடுவார்கள். அந்த மருந்து போகிற நாட்டில் அனுமதிக்கப்பட்டதா என்பதையும், கடைசியாக நீங்கள் தெளித்த பூச்சிமருந்து எது, என்று தெளித்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

ஒரே வாரத்தில், ஒரே முதிர்ச்சியில் ஒரு கன்டெய்னர் நிரப்ப ஆயிரத்துக்கும் மேற்பட்ட தார்கள் வேண்டும். ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாகச் செய்யக்கூடிய காரியமல்ல. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாக நடவையே வாரம் பிரித்துச் செய்தால் மட்டுமே கைகூடும். அறுவடைக்குப் பிந்தைய முறைகள் பற்றித் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் விவரம் கேட்கலாம்.

பணப் பிடித்தத்துக்கு வருகிறேன். ரீஃபர் இயந்திரம் தன் வெப்பநிலையைத் தானே பதிவு செய்துகொண்டே இருக்கும். உள்ளே போகும் காற்று எத்தனை டிகிரி, திரும்பி வரும் காற்று எத்தனை டிகிரி, எப்போது மின்சாரம் நின்றது எல்லாம் அதில் இருக்கும். சாலையில் போகும்போது ஜெனரேட்டர், துறைமுகத்திலும் கப்பலிலும் மின் இணைப்பு என்று மாறி மாறி ஓடுவதால், இடையில் இணைக்க மறந்தாலும் அதில் தெரிந்துவிடும். இது தவிர, பெட்டிகளுக்கு நடுவே சிறிய பதிவுக் கருவி ஒன்றையும் வைத்து அனுப்புவார்கள். ஒப்பந்தம் எழுதும்போதே, "பிடித்தம் செய்தால் இந்த இரண்டு பதிவுகளின் நகலையும் தர வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். காய் ஏற்றும் அன்று குழுவிலிருந்து ஒருவர் உடனிருந்து, குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரால் நாலைந்து பெட்டிகளில் காயின் உள்சூட்டை அளந்து, கன்டெய்னர் எண்ணுடன் சேர்த்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளட்டும். ஏற்றும்போதே காய் 14 டிகிரியில் இருந்து, பதிவில் வழியில் 20 டிகிரி வரை ஏறியிருந்தால், அந்தப் பிடித்தத்தை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. பதிவு முழுக்க 13.5 டிகிரியில் சீராக இருந்தும் பழம் பழுத்து வந்திருந்தால், அந்த வாரம் எந்த நிற நாடாத் தார்களை வெட்டினீர்கள் என்று உங்கள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.