ஊர்ப்பெயராய்வில் பைத்தான் நீட்சி: வாலாஜாபாத் வட்டாரப் பெயர்கள்வழி ஒரு தொடக்கநிலை விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஊர்ப்பெயர்களின் ஈறுகளைக் கணினிவழி வகைப்படுத்த முற்படும் ஆய்வாளர், ஒருங்குறியில் தமிழ் எழுத்து எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பதை அறியாவிடில் பிழையான முடிவுகளை அடைய நேரும். விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் நிரல்திருத்தியில் பைத்தான் நீட்சியை நிறுவிப் பயன்படுத்தும் முறையையும் அப்பிழையைத் தவிர்க்கும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஊர்ப்பெயராய்வு, ஒருங்குறி, பைத்தான், ஓப்பன்-தமிழ், வாலாஜாபாத்.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் அமைந்த வாலாஜாபாத்தைச் சுற்றிப் பல்வேறு ஈறுகளையுடைய ஊர்ப்பெயர்கள் வழங்குகின்றன. தென்னேரி நீர்நிலையையும், நெசவாளர் மிகுந்த ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை ஆகியன பேட்டை என்னும் ஈற்றையும், உத்திரமேரூர் ஊர் என்னும் ஈற்றையும் காட்டுகின்றன. வாலாஜாபாத் என்பதோ ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் வாலாஜா என்னும் பட்டப்பெயரோடு பாரசீக ஈறு இணைந்தது. இத்தகைய பெயர்களை ஆயிரக்கணக்கில் திரட்டி ஆராய்வோர்க்கு நிரல் துணைபுரியும்.

நீட்சியும் நிறுவலும்

விஷுவல் ஸ்டுடியோ கோட் 2015ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனத்தால் அறிமுகப்படுத்தப்பட்டது. அதற்கான பைத்தான் நீட்சியை முதலில் டான் ஜெயமன்னே என்னும் நிரலாளர் உருவாக்கினார். 2017இல் அவர் மைக்ரோசாப்டில் இணைந்தபின் நீட்சியின் பொறுப்பை அந்நிறுவனம் ஏற்றது.

நீட்சி வேறு, மொழி வேறு என்பதைத் தொடக்கத்திலேயே தெளிதல் வேண்டும். நீட்சியை மட்டும் நிறுவினால் நிரல் இயங்காது. முதலில் பைத்தான் மொழியையும், அடுத்து நிரல்திருத்தியையும் கணினியில் நிறுவ வேண்டும். பின்னர்த் திருத்தியின் இடப்பக்கத்திலுள்ள நீட்சிகள் பகுதியில் பைத்தான் எனத் தேடி, வெளியீட்டாளர் மைக்ரோசாப்ட் எனக் குறிக்கப்பட்டதைத் தேர்ந்து நிறுவலாம். கண்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தினால் கட்டளைப் பட்டியல் தோன்றும். அதில் 'செலக்ட் இன்டர்பிரட்டர்' என்பதைக் கொண்டு, கணினியிலுள்ள பைத்தான் பதிப்புகளுள் உரியதைச் சுட்ட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் உள்ள கணினியில், நூலகம் ஒரு பதிப்பிலும் நிரல் மற்றொரு பதிப்பிலும் அமைந்து, 'நூலகம் இல்லை' என்னும் பிழைச்செய்தி எழுவதுண்டு. ஆய்வுக்கெனத் தனி மெய்நிகர்ச் சூழலை உருவாக்கிக்கொள்வது இதனைத் தவிர்க்கும்.

எழுத்தும் குறியெண்ணும்

தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறி 216 உயிர்மெய்களுக்கும் தனித்தனிக் குறியெண் வழங்கவில்லை. அகரமேறிய மெய்யோடு துணைக்குறியைச் சேர்த்தே ஏனைய உயிர்மெய்களை அமைக்கிறது. ஆதலின், வாலாஜாபாத் என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தானின் 'லென்' செயற்கூறு 10 எனத் தருகிறது. இலக்கண நோக்கில் அதிலுள்ளவை வா, லா, ஜா, பா, த் என்னும் 5 எழுத்துகளே. உத்திரமேரூர் 7 எழுத்துகள் கொண்டது. கணினிக்கோ அது 12 குறியெண்கள்.

தேடலில் இதன் விளைவு மேலும் கடுமையானது. 'ஊர்' எனத் தேடினால் உத்திரமேரூர் அகப்படாது. புணர்ச்சியில் ஊகாரம் ரகர மெய்யோடு சேர்ந்து 'ரூ' ஆனதால், அங்கு ஊ என்னும் குறியெண்ணே இல்லை. துணைக்குறி மட்டுமே உள்ளது. அவ்வாறே 'ஏரி' எனத் தேடுவோர்க்குத் தென்னேரி கிட்டாது. இதனை உணராதவர், ஊர் என்னும் ஈறு இவ்வட்டாரத்தில் அருகியது என்னும் முடிவுக்கு வரக்கூடும்.

முத்தையா அண்ணாமலை தொடங்கிவைத்த ஓப்பன்-தமிழ் நூலகம் இதற்குத் தீர்வு தருகிறது. திருத்தியின் முனையத்தில் 'பிப்' கட்டளைவழி அதனை நிறுவலாம். அதன் 'கெட்_லெட்டர்ஸ்' செயற்கூறு சொல்லை எழுத்துகளாகப் பகுக்கும்; 'ஸ்ப்ளிட்மெய்உயிர்' செயற்கூறு உயிர்மெய்யை மெய்யாகவும் உயிராகவும் பிரிக்கும். ரூ என்பது ர், ஊ எனப் பிரிந்தபின் ஈறு தேடலில் வெளிப்படும். நிரலின் உரிய வரியில் நிறுத்தப்புள்ளி இட்டு இயக்கினால், ஒவ்வொரு சொல்லும் பகுபடும் முறையை திருத்தியின் மாறிகள் பலகத்தில் படிப்படியாகக் காணலாம். பைத்தான் 3இல் மாறிகளுக்குச் சொல், ஈறு எனத் தமிழிலேயே பெயரிடவும் இயலும்.

கருதத்தக்கவை

கோனேரிக்குப்பம் என்பதன் 'கோ' இருவகையாகச் சேமிக்கப்படலாம்: ஓகாரத் துணைக்குறி ஒரே குறியெண்ணாகவோ, ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகவோ அமையலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் கணினி அவற்றை வெவ்வேறு சொற்களாகக் கொள்ளும். எனவே தரவு முழுவதையும் முதலில் 'என்.எஃப்.சி' வடிவத்திற்கு இயல்பாக்கம் செய்தல் இன்றியமையாதது. அகரவரிசைப்படுத்தலிலும் கவனம் தேவை. ஒருங்குறி வரிசையில் ழகரம் வகரத்திற்கு முன்னும், னகரம் பகரத்திற்கு முன்னும் நிற்பதால், பைத்தானின் இயல்பான வரிசை தமிழ் அகராதி வரிசையாகாது.

முடிவுரை

நிரல் எழுத்தைப் பிரித்துக் காட்டுமேயன்றி, ஈற்றின் பொருளை அறியாது. கூர், தூர் போன்ற சொற்களும் 'ஊர்' தேடலில் வந்து சேரும். அவற்றை விலக்குவது ஆய்வாளரின் இலக்கண அறிவே. எண்ணிக்கையை ஆய்வேட்டில் தரும்போது, எண்ணப்பட்டது எழுத்தா குறியெண்ணா என்பதையும், கிரந்த எழுத்துகள் எவ்வாறு கொள்ளப்பட்டன என்பதையும், தரவு இயல்பாக்கம் பெற்றதா என்பதையும் உடன் குறிப்பிடுதல் வேண்டும். அவ்வாறு குறிப்பிடின், பிறரும் அதே தரவைக் கொண்டு அம்முடிவைச் சரிபார்க்க இயலும்.