தீர்ப்பு நகலில் ஒரு கைமுட்டி

ரோமின் பலாஸ்ஸோ மாசிமோ அருங்காட்சியகத்தில் வெண்கலக் குத்துச்சண்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். 1885-ல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த கிரேக்கச் சிலை. மூக்கு நசுங்கி, காது வீங்கி, கைகளில் தோல்வார் சுற்றியபடி இருக்கிறார். உடம்பில் தெறித்த ரத்தத் துளிகளுக்குச் செம்பு பதித்திருக்கிறான் சிற்பி.

அந்தக் கையை மடக்கினால் லத்தீனில் ‘புக்னுஸ்’ என்று பெயர். சண்டை ‘புக்னா’ ஆனது. எடுத்ததற்கெல்லாம் மல்லுக்கு நிற்பவன் ‘புக்னாக்ஸ்’. 17-ஆம் நூற்றாண்டில் இதை வாங்கிக்கொண்ட ஆங்கிலம், வாலில் ஒரு ‘லி’ ஒட்டி ‘பக்னேஷியஸ்லி’ என்று வினையடையாக்கியது. இன்று மேசையைத் தட்டிப் பேசினாலே போதும், அந்தச் சொல் வந்து விழுகிறது. கிரேக்கத்திலும் ஓர் உறவு உண்டு: ‘பிக்மே’ என்றால் முட்டி, முழங்கையிலிருந்து விரல்கணு வரையிலான அளவும் அதுதான். நம் முழத்துக்குச் சற்றுக் குறைவு. குள்ளமானவர்களைக் குறிக்கும் ‘பிக்மி’ என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

இந்தக் குடும்பத்தில் எனக்கு உறுத்தும் ஆள் வேறு. நம் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் பக்கத்துக்குப் பக்கம் வரும் ‘இம்ப்யூன்டு ஆர்டர்’. எதிர்த்து வழக்குப் போடப்பட்ட உத்தரவு என்பதுதான் பொருள். உள்ளே இருப்பது அதே ‘புக்னா’வின் வினைவடிவமான ‘புக்னாரே’, முட்டியை உயர்த்திப் பாய்வது. அரசியல் சட்டத்தின் 254-ஆவது பிரிவில், மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டத்தைக் குறிக்கும் ‘ரிபக்னன்ட்’டும் இதன் தம்பிதான்.

மூலத்தை யார் நினைக்கிறார்கள், சட்டமொழி துல்லியமாக இருந்தால் போதும் என்பார்கள் வழக்கறிஞர்கள். இருக்கட்டும். யாருக்குத் துல்லியம்? பட்டாத் தகராறில் ரிட் போட்ட விவசாயி, “ஜெயிச்சிட்டோமா ஐயா?” என்று கேட்கிறார். “இம்ப்யூன்டு ஆர்டரை குவாஷ் பண்ணிட்டாங்க” என்கிறார் குமாஸ்தா. ஜெயித்தது தெரியாமலே அவர் பஸ் ஏறலாம்.

கீழ் நீதிமன்றங்களில் தமிழ் ஒலிக்கிறது. மேலே ஏறினால் அரசியல் சட்டத்தின் 348-ஆவது பிரிவு ஆங்கிலத்தை முன்னிறுத்துகிறது. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2006-லேயே தீர்மானம் போட்டது, இன்னும் நடக்கவில்லை. தேர்ந்தெடுத்த சில தீர்ப்புகள் தமிழில் வருகின்றன, ஆனால் சட்டப்படி செல்வது ஆங்கிலப் பிரதிதான். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தீர்ப்பு நகலோடும், யார் ஜெயித்தார், இனி என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு என்று தமிழில் ஒரு பக்கம் இணைத்துக் கொடுக்கலாம்.